பூஜ்யத்தை நகர்த்தியவன்

அத்தியாயம் 9

ஐந்தரை மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். முகம் கழுவினான். ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கினான். இரண்டு தம்ளர் டீ போட்டு, ஒன்றைத் தன் பக்கமும் ஒன்றை எதிர்ப்பக்கமும் வைத்தான். மேசையைத் துடைத்தான். அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கி, உள்ளே இருந்தவற்றை வரிசையாக எடுத்து வைத்தான். ஊசி, பஞ்சு, ஸ்பிரிட் பாட்டில், பட்டைகள் இருக்கும் உறை, மீட்டர், நோட்டு.

எதிர் நாற்காலியில் மாமியார் வந்து உட்கார்ந்தார்.

இந்தக் கதையோடு முதலிலிருந்து வருபவர்களுக்கு அந்த நாற்காலி தெரியும். அவன் மனைவியுடையது. ஏழு வாரமாகக் காலியாகக் கிடந்தது.

இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இவன் வேதியியல் ஆராய்ச்சியாளன். பதிமூன்று வருடமாக ஒரே மாதிரி வேலை. மனிதனின் மூக்கும் நாக்கும் கோட்டைவிடுவதைக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவிகள். முதலில் உர ஆலைக்கு, அம்மோனியா கசிந்தால் அலறும் பெட்டி. பிறகு குடிநீரில் நைட்ரேட் இருந்தால் சொல்லும் குச்சி. இப்போது ஒரு சொட்டு ரத்தத்தில், சிறுநீரகம் சோர ஆரம்பித்துவிட்டதா என்று சொல்லும் பட்டை.

உர ஆலையில் ஒரு ஷிஃப்டுக்குப் பதினொரு முறை காரணமில்லாமல் அலறிக்கொண்டிருந்த பெட்டி, இவன் கை வைத்த பிறகு ஒரு தடவைகூட வீணாக அலறவில்லை. அதிலிருந்து ஆய்வகத்தில் இவனுக்கு 'ஜீரோ' என்று பெயர். கேலிக்கு வைத்தது. போகப்போக மரியாதையாக நின்றுவிட்டது.

மனைவி இறந்தது சிறுநீரகம் போய். இரண்டும். முப்பத்தோரு வயதில்.

சிறுநீரகத்துக்கு மெஷின் செய்கிறவர் வீட்டிலேயேவா என்று, கேட்கக் கூடாதவர்கள்கூடக் கேட்டுவிட்டார்கள். "அறிகுறியே இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் பழகிவிட்டது.

இன்று வேலைக்குத் திரும்பும் நாள். பட்டையின் கடைசி அறிக்கையில் அவன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பட்டை மருத்துவமனைகளுக்குப் போகும். அதற்கு முன் ஒரே ஒரு காலைச் சோதனை பாக்கி.

அந்தச் சோதனைக்கு நல்ல ரத்தம் வேண்டும். ஒரு நோயும் இல்லாத ஒருவரின் ரத்தத்தைப் பட்டையில் வைத்து, அது காட்டுவதை மீட்டரில் பூஜ்யம் என்று குறிப்பார்கள். அந்தப் பூஜ்யத்துக்கு மேலே எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவு நோய். பதினான்கு மாதம் அந்த நல்ல ரத்தத்தை அவள் கொடுத்தாள். அவன் ரத்தம் ஆகாது, மாத்திரை சாப்பிடுகிறான். சாவு வீட்டில் மாமியார் மயங்கி விழுந்தபோது அவருக்கு எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். எல்லாம் சுத்தம். அதனால் இன்று மாமியார்.

"எந்தக் கை மாப்பிள்ளை?"

"இடது கொடுங்க அத்தை. கொஞ்சம் கீழ தொங்கவிடுங்க, ரத்தம் இறங்கட்டும்."

"தினமும் கொடுத்தாளா?"

"தினமும்."

"ஃபோன்ல ஒரு நாள் சொன்னா. என் ரத்தத்துலதாம்மா அவர் வேலையே ஓடுதுன்னா. மாப்பிள்ளை பாக்கச் சொன்னா கொசுவைப் பாத்து கட்டிவச்சுட்டேன் போலிருக்கேன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா."

அவன் சிரிக்கவில்லை. குத்தினான். சொட்டு திரண்டது. பட்டையின் நுனியை அதில் தொட்டு மீட்டரில் செருகினான். இருபது விநாடி.

மைனஸ் 38.

பட்டையைக் கழற்றிப் பார்த்தான். கோணல் இல்லை, மடங்கவில்லை. அதே உறையிலிருந்து இன்னொன்று எடுத்தான்.

மைனஸ் 37.

"கம்மியா இருக்கா?" என்றார் மாமியார். "சரியா சாப்பிடறதில்ல, அதான்."

"இல்ல அத்தை. நீங்க நல்லா இருக்கீங்க."

"இருந்து என்னத்துக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டார்.

நல்ல ரத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. போகிறது என்றால் ரத்தம் இறங்கவில்லை. பூஜ்யம் ஏறியிருக்கிறது.

ஏற்றியது அவன்தான். நோட்டைத் திறந்தான். அவன் கையெழுத்து, வரிசை வரிசையாக. முதல் இரண்டு மாதம் எல்லாம் பூஜ்யம். மூன்றாம் மாதம்: '3 ஏறுகிறது. பட்டையில் ஈரம். பூஜ்யம் சரிசெய்யப்பட்டது.' அடுத்தது: 'மொத்தம் 7. மழை மாதம். சரிசெய்யப்பட்டது.' அப்புறம் 12. அப்புறம் 19. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே சொல். கடைசி வரி அவள் இறந்த நாள் காலை. 'மொத்தம் 38. சரிசெய்யப்பட்டது.'

பட்டை பழசானால் ஈரம் ஏறும், காரணமில்லாமல் எண் மேலே நகரும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் அது பழகிய தொல்லை. நகர்ந்ததைக் கழித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதில் தப்பு நடக்காமலிருக்கத்தான் ஐந்து பேர் ரத்தம் வைக்க வேண்டும் என்று விதி. அந்த விதியை எழுதியவனே அவன்தான். நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. முதல் இரண்டு மாதம் ஐந்து பேருக்கும் எண் ஒன்றாகவே வந்தது. மற்ற நான்கு பேரைத் தேடிப் பிடிப்பது தலைவலி. வீட்டிலேயே ஒருத்தி காலையில் கையை நீட்டுகிறாள். ஒருத்தி போதும் என்று விட்டுவிட்டான்.

கருவி மாறும், காற்று மாறும், பட்டை மாறும். அவள் மட்டும் மாற மாட்டாள் என்று எடுத்துக்கொண்டான்.

டீ ஆறிப் போயிருந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினான்.

* * *

ஆய்வகத்தில் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஐந்து பேரைப் பிடித்தான். கணக்குப் பிரிவில் இரண்டு பேர், காவலாளி, கண்ணாடிப் பாத்திரம் கழுவும் பெண், ஓட்டுநர். குளிர்பெட்டியின் அடித்தட்டிலிருந்து பதினான்கு மாதத்துக்கு முந்தைய பட்டைகளை எடுத்தான். ஐந்து பேருக்கும் புதுப் பட்டையில் ஒன்று, பழைய பட்டையில் ஒன்று.

பத்தும் மைனஸ் 37, 38, 39.

காவலாளி கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு, "நமக்கு எதாவது இருக்கா சார்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல."

"நல்லா பாத்து சொல்லுங்க சார்."

பதினொரு மணிக்கு இயக்குநர் அறைக்குப் போனான். இயக்குநர் ஐம்பதைத் தாண்டியவர். எதையும் இரண்டு முறை கேட்க மாட்டார். தாளை ஒரு தடவை படித்தார்.

"பழைய பட்டையும் புதுசும் ஒண்ணு போலக் காட்டுது."

"ஆமா மேடம்."

"அப்ப பட்டை நகரவே இல்ல."

"இல்ல."

"பதினாலு மாசம். நாம ஆறு மாசம் நின்னா போதும்னு இருந்தோம்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "ஜீரோ, இது நல்ல செய்தி."

"மேடம், அந்த ரத்தம் என் மனைவியோடது."

"தெரியும். மலர் வளையத்துக்கு நான்தான கையெழுத்துப் போட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஏறின எண்ணை வச்சுப் பாத்தா, எந்த மாசம் நாம அவங்களை நோயாளின்னு சொல்லியிருப்போம்?"

"நாலாவது மாசம்."

"அப்ப பத்து மாசம் முன்னாடியே."

"ஆமா."

"அந்தக் கட்டத்துல மருந்துக்குக் கேக்குமா?"

"பெரும்பாலும் கேக்கும்."

அவர் தாளின் ஓரத்தில் 'பத்து மாதம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அவன் அந்தப் பேனா நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு இருக்கு" என்றான். "என் பூஜ்யத்தை வச்சுத்தான், முன்னோட்டமா பட்டை கொடுத்த மருத்துவமனைக்கும் வாராவாரம் திருத்தம் அனுப்பினோம். அங்க சோதிச்சவங்களுக்கும் அவ்வளவு குறைச்சுத்தான் காட்டியிருக்கும். ஒண்ணுமில்லன்னு வீட்டுக்கு அனுப்பினவங்க நாப்பத்தோரு பேர்."

"கூப்பிட்டு மறுபடி பாத்துடலாம். கருவியை மேம்படுத்தறதுக்காக மறுபரிசோதனைன்னு கடிதம் போகட்டும்."

"காரணம் எழுத வேணாமா?"

"எழுதினா வருவாங்களா, வக்கீல் வருவாரா?"

"அவங்கள்ல யாருக்காவது இதுக்குள்ள ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆயிருக்கான்னு நமக்குத் தெரியாது. தெரியாததை எப்படி எழுதறது?"

 அவர் அவனுடைய நோட்டை வாங்கிக் கணினியில் எண்களைத் தானே தட்டினார். திரையில் கோடு வந்தது. இரண்டு மாதம் தரையோடு கிடந்து, பிறகு மெல்லத் தலை தூக்கி, கடைசியில் செங்குத்தாக ஏறி, ஒரு தேதியில் நின்றது.

"இந்த மாதிரி ஒரு கோடு யார்கிட்டயும் இல்ல" என்றார். "நோயாளி வந்த பிறகுதான் எல்லாரும் எழுத ஆரம்பிப்பாங்க. நம்மகிட்ட நல்லா இருந்த நாள்லேருந்து இருக்கு. தினமும். ஒரு நாள் விடல."

அழகான கோடு. அவன் கண்ணும் முதலில் அதைத்தான் பார்த்தது. வளைவு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ஒரு நொடி வியந்தும்விட்டான். அது அவனுக்கு மட்டும் தெரியும்.

"கட்டுரையில முதல் படமே இதுதான். பேர் வராது. 'கொடையாளி ஒன்று', அவ்வளவுதான். கணவர் சம்மதம் வேணும், பெத்தவங்க சம்மதமும் வேணும்." ஒரு படிவத்தை அவன் பக்கம் தள்ளினார். நோட்டையும் அதன் மேல் வைத்தார். "அவங்க அம்மா உங்க வீட்லதான இருக்காங்க? அலைச்சல் இல்ல."

* * *

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது வாசலில் பெரிய பூட்ஸ் கிடந்தது. மச்சான் வந்திருக்கிறான்.

அவளுடைய அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். வாரத்துக்கு ஒரு நாள் அம்மாவைப் பார்க்க வருவான். மற்ற பிள்ளைகள் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். இவன் ஒரு கேள்வியைக் கொண்டுவருவான். ஏழு வாரமாக அதே கேள்வி.

"வாங்க மாப்பிள்ளை. உக்காருங்க. அம்மா, அவர் முன்னாடி சொல்லு. கால் வீங்குதுன்னு அவ உங்கிட்ட ஃபோன்ல சொன்னாளா இல்லையா?"

மாமியார் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "சொன்னா."

"நீ என்ன சொன்ன?"

"எத்தனை தடவைடா கேப்ப?"

"நீ எத்தனை தடவை தூங்கற? தூங்கறியில்ல? அத்தனை தடவை கேப்பேன். என்ன சொன்ன?"

"நின்னுக்கிட்டே வேலை பாத்தா வீங்கத்தான் செய்யும், தலகாணி மேல காலை வச்சுப் படுன்னேன்."

"எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்ச?"

"படிக்கல."

"படிக்கல. மாப்பிள்ளை, கேட்டுக்கங்க, படிக்கலையாம்."

ஏழு வாரமும் ஆராய்ச்சியாளன் இதைக் கேட்டுக்கொண்டு அதே சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மை அதைவிடச் சின்னது. பழி அத்தையின் தலையில் இருந்தவரை அது எழுந்து வேறு இடம் தேடவில்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது.

"அத்தை" என்றான். "கையைத் துடைச்சுக்கிட்டு இங்க வாங்க."

அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவன் படிவத்தை மேசையில் வைத்தான்.

"என்ன இது?"

"உங்க கையெழுத்து கேக்கறாங்க. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். மச்சான், நீங்களும் கேளுங்க."

சொன்னான். நல்ல ரத்தம் என்றால் என்ன, பூஜ்யம் என்றால் என்ன, ஐந்து பேர் விதி, காலையில் வந்த மைனஸ் 38. வகுப்பில் பாடம் எடுப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். வேறு மாதிரி சொல்ல அவனுக்குத் தெரியவில்லை.

மாமியார்தான் முதலில் பேசினார். "அப்ப அந்த மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமா அத்தை."

"எப்பலேர்ந்து?"

"அவ போறதுக்குப் பத்து மாசம் முன்னாடிலேர்ந்து."

"உங்ககிட்ட சொல்லலையா?"

"தினமும் சொல்லுச்சு. மெஷின் தப்பு பண்ணுதுன்னு நினைச்சு நான் கழிச்சுட்டேன்."

மெக்கானிக் நோட்டை எடுத்துப் புரட்டினான். படிப்பு அதிகமில்லை என்றாலும் எண் ஏறுவது யாருக்கும் புரியும். கடைசிப் பக்கத்துக்கு வந்து நின்றான்.

"லிஃப்ட்ல ஆள் அதிகமானா பெல் அடிக்கும்" என்றான் மெதுவாக. "எங்க தொழில்ல ரெண்டு வகை ஆள் இருக்கான். ஒருத்தன் ஆளை இறக்குவான். இன்னொருத்தன் பெல் ரிப்பேர்னு ஒயரைக் கழட்டிட்டுக் கதவைச் சாத்துவான்."

"ஆமா மச்சான்."

"ஆமாங்காதீங்க. வாயில குத்தணும்போல இருக்கு."

"குத்துங்க."

"அதுக்கும் ரெடியா இருக்கீங்க. குத்து வாங்கிட்டா முடிஞ்சதுன்னு இருப்பீங்க. வேணாம்." நோட்டை மூடித் தன் பைக்குள் வைத்தான்.

"அது ஆய்வகத்துது மச்சான். நாப்பத்தோரு பேரோட திருத்தமெல்லாம் அதுலதான் இருக்கு."

"யாரு அந்த நாப்பத்தோரு பேரு?"

அதையும் சொன்னான். மெக்கானிக் நின்றபடியே கேட்டான். பிறகு ஒரு மாதிரி சிரித்தான்.

"என் தங்கச்சி ஒருத்தின்னு நினைச்சேன். ஒரு ஊரையே அனுப்பி வச்சிருக்கீங்க. இது எங்கிட்டயே இருக்கட்டும். அவங்க வீட்டுக்கெல்லாம் லெட்டர் போறதுக்கு முன்னாடி நான் போறேன்."

வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டினான். நாடாவைக் கட்ட நேரமெடுத்தான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல அந்த நேரம் போதும். அவன் சொல்லவில்லை. மாமியார் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் படி இறங்கிப் போய்விட்டான்.

வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மாமியார் போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தார்.

"அப்ப தலகாணியால இல்ல."

"இல்ல அத்தை."

"நான் சொன்னதால இல்ல."

"இல்ல. கால் வீங்கறப்பவே நேரம் தாண்டிப் போச்சு. நீங்க என்ன சொல்லியிருந்தாலும் ஒண்ணுதான்."

அவர் தலையசைத்தார். அழுவார் என்று நினைத்தான். அடிப்பார் என்றும் நினைத்தான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"மெஷின் விஷயம் உங்களுக்கு இன்னிக்குத் தெரிஞ்சது. சரி. இந்த வீக்க விஷயம்? வீங்கறப்பவே நேரம் போயிடுச்சுங்கறது, அதுவும் இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

அவன் சோபாவைப் பார்த்தான்.

"இல்ல. அது முன்னாடியே தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஆஸ்பத்திரியிலேயே."

"அவன் வாராவாரம் வந்து என்னைக் கேக்கறப்ப நீங்க அந்த சோபாவுல உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"நான் எழுந்துபோய் உங்களுக்குத் தோசை ஊத்தினேன்."

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"நிமிந்து பாருங்க மாப்பிள்ளை. நான் திட்டல. எனக்கு ஒண்ணு தெரியணும், அவ்வளவுதான். ஆம்புலன்ஸ்ல அவ அம்மாவை வரச்சொல்லுங்கன்னு கேட்டதா சொன்னீங்களே. அதை வச்சுக்கிட்டுத்தான் நான் இந்த வீட்ல ஏழு வாரமா உக்காந்திருக்கேன். அவ கூப்பிட்டு நான் வந்த மாதிரி."

அவன் படிவத்தின் மூலையை மடித்தான். நிமிர்த்தினான். மறுபடி மடித்தான்.

"சொன்னாளா?"

"இல்ல அத்தை."

"ஆம்புலன்ஸ்ல என்னதான் சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. நான் மதியம் வந்தப்பவே நினைவு இல்ல. அப்புறம் வரவே இல்ல."

மாமியாரின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. "நான் கேக்காமயே எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க அழுதீங்க. ஏதாவது கொடுக்கணும்னு தோணுச்சு."

"அதுவும் சரிபண்ணிட்டீங்க."

அவன் படிவத்தை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"அப்ப அவ கடைசியாப் பேசினது எப்ப?"

"அன்னிக்குக் காலையில. இந்த மேசையில."

"என்ன பேசினா? சேக்காதீங்க. கழிக்காதீங்க. அவ வாயிலேர்ந்து வந்ததை மட்டும் சொல்லுங்க."

அன்று எண் இரண்டு ஏறியிருந்தது. அவன் பூஜ்யத்தை நகர்த்திவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். அவள் பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டு எழுந்து நின்றாள். உடனே நடக்கவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவன் தலை நிமிரவில்லை. அதனால் அவள் முகம் எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. சொன்னது மட்டும் தெரியும்.

"நம்பர் சரியா வந்துச்சாங்க? வரலன்னா கூப்பிடுங்க, எழுந்து வந்து இன்னொரு விரல் தரேன். இப்ப கொஞ்சம் படுத்துக்கறேன்."